அரங்கேற்றத்துக்குப் பிறகு: மட்டக்களப்பு வாவிக்கரையில் கலை மாணவரின் இறுதியாண்டுக் காட்சி

1962 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். அந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்க மலைநாட்டுக்கு வரவழைக்கப்பட்டவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் ஏறாவூரும் செங்கலடிச் சந்தியும் கொம்மாதுறையும் தாண்டினால் வந்தாறுமூலை. 1981 ஓகஸ்டில் அந்த ஊரின் மத்திய மகா வித்தியாலய வளவில்தான் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அண்ணாவியார் பல்கலைக்கழகத்தைத் தேடிப் போய்க் கால் நூற்றாண்டு ஆவதற்குள் பல்கலைக்கழகம் அவருடைய ஊருக்கே வந்துவிட்டது.

இந்த வரலாற்றை நாடகத் துறையினர் அடிக்கடி சொல்வார்கள். சித்திரத் துறையினர் சொல்வதில்லை. ஆனால் கிழக்கில் ஓவியமும் சிற்பமும் படிக்கும் மாணவர், நான்காம் ஆண்டு முடிவில் தங்கள் படைப்புகளைக் கூட்டாகக் காட்சிக்கு வைக்கும் நிகழ்வை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது இலண்டனின் ஓவியப் பள்ளிகளைப் பற்றிய நூல்களைவிடக் கூத்து அரங்கேற்றத்தைப் பற்றிய நூல்களே. பழகியவன் ஊர் முன்னே தன் பழக்கத்தைக் காட்டி, ஊரின் ஒப்புதலைப் பெறும் ஒழுங்கு இந்த வாவிக்கரையில் பல்கலைக்கழகத்துக்கு முன்பே இருந்தது. அந்த ஒழுங்கில் எது இன்றைய காட்சிகளுக்கு வந்து சேர்ந்தது, எது வழியில் விடுபட்டது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

முதலில் இடம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெருவளாகம் வந்தாறுமூலையில் இருந்தாலும், காண்பியக் கலையில் பட்டப்படிப்பு நடப்பது அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தெற்கே, வாவிப் பாலத்துக்கு அப்பால், கல்லடியில். சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, 2000களில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் நிறுவகமானது. கட்புல தொழில்நுட்பக் கலைத் துறை அதிலே பின்னால் சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். மருதனார்மடத்தில் 1960 இல் எழுந்த இராமநாதன் இசைக் கல்லூரி 1975 இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சித்திரமும் வடிவமைப்பும் அங்கே வெகுகாலம் கழித்தே பட்டப் பாடமாயின. ஈழத்தமிழரின் நுண்கலைப் படிப்பு பாட்டிலும் ஆட்டத்திலும் பிறந்தது. படம் கீறுவது பின்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டது.

இதன் விளைவை ஒரு சித்திரக் காட்சியின் திறப்பு விழாவிலேயே காணலாம். மங்கள விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்பு நடனம், அதிதிகளின் உரை, நன்றியுரை. சனம் கதிரையில் இருந்து பார்க்கிறது. இருந்து பார்க்கத் தெரிந்த அளவுக்கு நடந்து பார்க்க எங்களுக்குப் பழக்கமில்லை. கோயில் திருவிழாக் கடைத்தெருவைத் தவிர. ஆகவே நாடா வெட்டியதும் கூட்டம் சுவரோரமாக ஒரே வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தேநீருக்குப் போகிறது. நாலு வருட உழைப்புக்குப் பல வேளைகளில் கிடைப்பது அந்த ஒரு சுற்று.

அந்தச் சுற்றுக்கு முந்திய இரவு வேறு விதமானது. பொது மண்டபமென்றால் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். மேலே கம்பி இழுத்துத் தங்கூசியில் தொங்கவிட வேண்டும். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய தங்கூசி, பாரமான சட்டத்துக்கு இழுபட்டுப் போகும். காலையில் பார்த்தால் படம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்க மேசன்மாரின் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்குவார்கள். ஒருத்தியின் படம் பெரிதென்றால் பக்கத்துப் படம் அடிபடும்; எங்கே யாருக்குச் சுவர் என்பதில் கண்ணீர் வரைக்கும் போகும். ஒலி எழுப்பும் படைப்பு ஒன்று இருந்தால் மண்டபம் முழுவதும் அதற்கே சொந்தமாகிவிடும். கூட்டுக் காட்சி என்றால் என்ன என்று பாடத்திட்டம் சொல்லாததை அந்த இரவு சொல்லிக்கொடுக்கிறது.

மாணவர் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் முக்கியம். பேராதனையிலிருந்து பதுளை, பிபிலை, மகா ஓயா வழியாக வரும் ஏ5 பெருவீதி முடிவது செங்கலடிச் சந்தியில். மலையகப் பிள்ளைகளுக்குக் கிழக்கின் வாசல் அது. வடக்கிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் அம்பாறைக் கரையோரத்திலிருந்தும் வருபவர்களும் உண்டு. உயர்தரத்தில் சித்திரம் எடுத்து, செயன்முறைத் தேர்வில் தேறி உள்ளே வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் அவர்கள் படித்த சித்திரம் நிலைப்பொருள், கோலம், சிகிரியா, மறுமலர்ச்சிக் கால ஐரோப்பா. பல்கலைக்கழகம் ‘உன் கருத்து என்ன’ என்று கேட்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நாலு வருடத்தில் தாண்ட வேண்டும்.

பேராசிரியர் சி. மௌனகுரு ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ நூலில் விவரிக்கும் கூத்துப் பழக்க ஒழுங்கை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்து என்று தீர்மானிக்கிறார்கள். அண்ணாவியார் வருகிறார், ஆளின் குரல், உயரம், உடல்வாகு பார்த்துப் பாத்திரம் ஒதுக்குகிறார். நல்ல நாளில் ‘சட்டம் கொடுத்தல்’: அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய கொப்பி ஊரார் முன்னிலையில் கையளிக்கப்படுகிறது. பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். பாதி வழியில் ‘சதங்கை அணிதல்’: ஒப்பனையும் உடுப்பும் பூரணமாக இல்லாமல் காலில் சதங்கை மட்டும் கட்டி ஆடுவது. தாளம் பிசகுகிறதா, குரல் எட்டுகிறதா என்று ஊர் பார்க்கும், சொல்லும். அதன்பின் ‘அடுக்குப் பார்த்தல்’, முழு ஒத்திகை. கடைசியில் வட்டக்களரியில் இரவு முழுவதும் அரங்கேற்றம். அதோடும் முடியாது. ஆடியவர்கள் உடுப்போடு வீடு வீடாகப் போய் ஆடுவார்கள். வீட்டார் பணமோ பொருளோ கொடுத்து மதிப்பார்கள்.

என் கண்ணில் இந்த வரிசையில் மிக முக்கியமானவை அரங்கேற்றத்துக்கு முன்னுள்ள சதங்கையும் பின்னுள்ள வீட்டுக்கு வீடு ஆடலும். ஊர் முடிந்த பொருளை மட்டும் பார்ப்பதில்லை. அரைகுறையாக இருக்கும்போதும் பார்க்கிறது, முடிந்த பிறகு தன் முற்றத்திலும் பார்க்கிறது. அரங்கேற்றம் நடுவில் வரும் ஒரு படி. பல்கலைக்கழகக் காட்சிக்கு வந்து சேர்ந்தது அந்த நடுப்படி மட்டும். இடைக்கால விமர்சனம் வகுப்பறைக் கதவுக்குள் விரிவுரையாளர்களோடு நடந்து முடிகிறது. காட்சி கலைந்த பிறகு படைப்பு எங்கே போகிறது என்பது யாருடைய பொறுப்புமில்லை.

கூத்தின் ஊரைப் பொன்னாக்கிப் பேசவும் கூடாது. யார் எந்தப் பாத்திரம் ஆடலாம் என்பதில் சாதி இருந்தது; பெண் பாத்திரத்தையும் ஆணே ஆடினான். இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கலைப் படிப்புகளில் பெண்களே கூடுதல். அண்ணாவியாரின் களரியில் கால் வைக்க முடியாதிருந்த பிள்ளைகளின் காட்சி இது என்பதை மறந்துவிட்டுக் கூத்தை முன்மாதிரி ஆக்கினால் கதை பிழைத்துப் போகும்.

ஊரின் கண்ணுக்கும் தேர்வாளரின் கண்ணுக்கும் உள்ள இழுபறி எங்கும் உள்ளதுதான். அது உச்சத்துக்குப் போன இடம் பரோடா. மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் பீடத்தில் 2007 மே மாதம் வருடாந்தத் தேர்வுக்காக மாணவர் தங்கள் படைப்புகளை வைத்திருந்தார்கள். சந்திரமோகன் என்ற முதுகலை மாணவரின் படைப்புகள் மத உணர்வைப் புண்படுத்துகின்றன என்று வெளியிலிருந்து ஒரு குழு உள்ளே புகுந்தது. பொலிஸ் அவரைக் கைது செய்தது. இது தேர்வுக்கான உள்ளகக் காட்சி, பொதுக் கண்காட்சி அல்ல என்று வாதாடி மாணவர் பக்கம் நின்ற பீடாதிபதி சிவாஜி பணிக்கர் இடைநீக்கம் செய்யப்பட்டார். சந்திரமோகனுக்குப் பட்டம் கிடைக்காமலே ஆண்டுகள் போயின. 2018 பெப்ரவரியில் துணைவேந்தர் அலுவலகத்துக்குத் தீ வைத்ததாக அதே சந்திரமோகன் மீண்டும் கைதானார்.

பணிக்கரின் வாதம் சட்டப்படி சரி. ஆனால் தேர்வுச் சுவரும் பொதுச் சுவரும் ஒன்றாக இருக்கும் வரை அந்த வாதம் எவ்வளவு தூரம் தாங்கும்? மாணவர் ஒரே படத்தை இரண்டு பேருக்காகச் செய்கிறார்: புள்ளி போடுபவருக்கும், பார்க்க வருபவருக்கும். முன்னவருக்குத் துணிச்சல் தெரிய வேண்டும், பின்னவருக்கு வலிக்கக்கூடாது. மட்டக்களப்பைப் போலத் தமிழர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் நெருங்கி வாழும், போர் முடிந்த பிறகும் யார் என்ன எழுதுகிறார், என்ன வரைகிறார் என்று பார்க்கும் கண்கள் ஓயாத மாவட்டத்தில் இந்த இழுபறி இன்னும் கூர்மை. படைப்பு பூடகமாவதற்குக் கலைக் கொள்கை மட்டும் காரணமில்லை.

காட்சி யாருக்குக் கணக்குக் காட்டுவதற்கு என்ற கேள்வி மாணவரோடு நிற்பதுமில்லை. 1923 இல் ஜேர்மனியின் வைமார் நகரில் பௌஹவுஸ் பள்ளி நடத்திய பெருங்காட்சி, பணம் கொடுக்கும் துரிங்கியா அரசு பள்ளியின் பயனைக் காட்டச் சொன்னதால் நடந்தது. இன்னும் நேரம் வரவில்லை என்று வால்டர் குரோபியுஸ் நினைத்தார். காட்சி பேர் வாங்கியது. அரசு மாறியதும் பணம் வெட்டப்பட்டு, 1925 இல் பள்ளி டெசாவுக்குக் குடிபெயர்ந்தது. கல்லடியில் பிரதம அதிதியின் உரையில் ‘இத்துறையின் வேலைவாய்ப்பு’ என்ற பகுதி ஏன் அவ்வளவு நீளுகிறது என்று யோசிப்பவர்கள் வைமாரை நினைத்துக்கொள்ளலாம்.

இனி, சுவரில் என்ன இருக்கிறது? வடகிழக்கு மாணவர் காட்சிகளில் முள்ளுக்கம்பி, தலையிழந்த பனை, கண்ணீர் வழியும் பெரிய கண், வெறுங்கதிரை ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. இவை பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. 1990 செப்டெம்பர் 5 அன்று, அகதி முகாமாகியிருந்த வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளவிலிருந்து இராணுவத்தால் கொண்டு செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. அந்த வளவின் பெயரில் பட்டம் வாங்கும் பிள்ளை வெறுங்கதிரை வரைந்தால் அதற்குக் காரணம் உண்டு. இருந்தும், கதிரை பொதுச் சின்னமாகிவிட்டால் அதில் இருந்தவர் மறைந்துவிடுகிறார். யாருடைய கதிரை, பிளாஸ்ரிக்கா பின்னியதா, எந்த விறாந்தையில் கிடந்தது என்பவை எல்லாம் போய்விடுகின்றன. இழப்பை வரையும் மாணவர் இழந்த ஆளை வரைய மறப்பது இந்தக் காட்சிகளில் நான் காணும் பெரிய பலவீனம்.

மாற்றுவழியைக் காட்டிய படைப்பு வடக்கில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலுக்காக, இடம்பெயர்ந்த 80 பேரளவிலானோரிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறச் சொன்னார். காணிப் பதிவேடான தோம்பின் வடிவில் அமைந்தது அந்த நூல். கோடு வளைந்த, அளவு பிழைத்த அந்தப் படம் ஒரு தாளில். அதையே கட்டடக் கலைஞர் அளவுக்கு இழுத்துத் துப்புரவாக்கிய வரைபடம் இன்னொரு தாளில். அதன் பக்கத்தில் சனாதனனின் சித்திரம். கிணறும் மாமரமும் சாமியறையும் வீட்டுக்காரரின் கோட்டில் பெரிதாக இருக்கின்றன. கட்டடக் கலைஞரின் கோட்டில் சுருங்கிப் போகின்றன. கண்ணீர் எங்கும் வரையப்படவில்லை. இரண்டு தாளுக்கும் நடுவே எவ்வளவு நழுவியது என்பது வாசகரின் கைக்குத் தெரிகிறது.

அவர் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியே வந்தவர்களிடமும் இந்தத் துல்லியம் தெரிகிறது. மலையகத்தவரான ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையே வண்ணமாக்கினார். ஜஸ்மின் நிலானி ஜோசப் வேலிகளைப் பேனாக் கோட்டில் வரைந்தார். கிடுகு வேலியும் தகர வேலியும் கம்பி வேலியும் வெவ்வேறு காலங்களைச் சொல்லும் என்பது வன்னிக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும். வேலி அவரிடம் சின்னமாகாமல் வேலியாகவே நிற்கிறது. மட்டக்களப்பில் பிறந்த பாக்கியராஜா புஷ்பகாந்தன் காணாமலாக்கப்பட்டோரின் முகங்களோடு வேலை செய்பவர். கிழக்கிலேயே தங்கி வேலை செய்பவர்களில் கமலா வாசுகியின் ஓவியங்கள் பெண்ணின் வலியோடு அவள் பலத்தையும் முன்வைத்தவை. பின்வந்த மாணவியருக்கு இது சிறிய துணையல்ல.

படத்தின் பக்கத்தில் ஒட்டும் ‘கலைஞர் கூற்று’ பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. ‘அடையாளம்’, ‘வெளி’, ‘இருப்பு’, ‘அதிகாரம்’ என்ற நாலு சொல்லை மாற்றி மாற்றி அடுக்கினால் எந்தப் படத்துக்கும் பொருந்தும் ஒரு பத்தி வந்துவிடுகிறது. தேர்வாளருக்கு எழுதப்பட்ட பத்தி அது. பார்க்க வரும் தாயோ, ஊர்ப் பெண்ணோ அதை வாசிப்பதில்லை, நேரே கேட்கிறார்: “இத கீற எத்தின நாள் எடுத்திச்சி மகள்?” அடுத்த கேள்வி, எவ்வளவு முடிந்தது என்று. படித்தவர்கள் இதற்குச் சிரிப்பார்கள். எனக்கு இது பாயும் நெற்பாயும் வலையும் முடைந்து வாழ்ந்த ஊரின் முதல்தரமான விமர்சனக் கேள்வியாகப் படுகிறது. உழைப்பின் அளவும் பொருளின் விலையும் கேட்பவர், அந்தப் பொருளைத் தன் வீட்டுப் பொருளோடு வைத்து நிறுக்கிறார். “நாப்பது நாள், அம்மா” என்று பதில் சொல்லும் மாணவி, பல வேளை அதற்கடுத்த வசனத்தில்தான் தன் படத்தைப் பற்றி முதன்முறையாகத் தெளிவாகப் பேசத் தொடங்குகிறாள்.

கல்லடி நிறுவகத்தில் பணிப்பாளராக இருந்த சி. ஜெயசங்கர் கூத்து விடயத்தில் எழுப்பிய விவாதம் இங்கே பொருந்தும். வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனது கூத்துக்குப் படித்தவர் நடுவே மதிப்பைத் தந்தது. ஆனால் ஊரின் கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டது என்பது ஜெயசங்கர் தரப்பு வாதம். அவரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம், மாற்றத்தை ஊரே பேசித் தீர்மானிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டில் நடந்தது. மௌனகுரு தரப்புக்கு இதற்கு மறுமொழி உண்டு: பேராதனை மேடை இல்லாதிருந்தால் கூத்தைப் பல்கலைக்கழகம் திரும்பியே பார்த்திராது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சித்திரத் துறையில் மட்டும் இப்படியொரு சண்டையே நடக்கவில்லை. வெண்சுவர், கண்மட்டம், பெயர்த் துண்டு என்ற ஐரோப்பிய ஒழுங்கை யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். அந்த ஒழுங்கு பிழையென்று நான் சொல்லவரவில்லை. 1988 இல் இலண்டன் துறைமுகக் கட்டடமொன்றில் டேமியன் ஹர்ஸ்ற் என்ற மாணவர் சக மாணவரைச் சேர்த்து நடத்திய ‘ஃப்ரீஸ்’ காட்சி அவர்களின் வாழ்க்கையை மாற்றியது. ஆனால் அந்த நகரத்தில் வாங்குபவரும் எழுதுபவரும் காட்சிக்கூடக்காரரும் ஒரு ரயில் தூரத்தில் இருந்தார்கள். கல்லடியிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஜே.டி.ஏ. பெரேரா கலைக்கூடம், லயனல் வென்ட் என்று பேர்பெற்ற இடங்களும் 2019 டிசெம்பரில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கின்றன.

ஆகவே காட்சி கலைந்ததும் படைப்புகள் வீட்டுக்குப் போகின்றன. கன்வஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி, பொலித்தீன் சுற்றி, பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும்; பதுளைப் பஸ்ஸில் மேலே போடும் சாமானோடு சிற்பம் போகாது, அது உடைந்தோ விடுபட்டோ போகும். வீட்டில் அலுமாரிக்குப் பின்னே ஈரமும் கறையானும் காத்திருக்கின்றன. ஒரு கையேடு, நல்ல புகைப்படம், யார் எந்த வருடம் என்ன செய்தார் என்ற பதிவு ஒழுங்காக இருந்தால் அரைவாசி இழப்பைத் தடுக்கலாம். அடுத்த தொகுதி மாணவர் அதே வெறுங்கதிரையை முதன்முதலாகக் கண்டுபிடித்த நினைப்பில் வரைவதும் குறையும்.

பதிவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த வீட்டுக்கு வீடு ஆடல். பட்டதாரிகளில் பெரும்பகுதி சித்திர ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள். நியமனம் கிடைத்தால் போவது இதே ஏறாவூர்ப்பற்று, வாகரை, படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு. இறுதியாண்டுப் படைப்புகளில் தூக்கிக்கொண்டு போகக்கூடியவற்றை ஒரு தவணைக்குச் செங்கலடி, சித்தாண்டிப் பக்கத்துப் பாடசாலை மண்டபங்களுக்கு அனுப்ப முடியாதா? காவலும் காப்புறுதியும் யார் பொறுப்பு என்ற கேள்வி உடனே எழும். படம் கீறலானால் யார் கட்டுவது என்று அதிபர் கேட்பார். நியாயமான கேள்விகள். கூத்தில் கிரீடம் உடைந்தால் ஊர் திருத்தியது.

பணத்தின் கதையும் அங்கேயே கிடக்கிறது. வீடு வீடாக ஆடியபோது கிடைத்ததில் கூத்தின் செலவில் ஒரு பங்கு திரும்பியது. சாந்திநிகேதனின் கலாபவனத்தில் நந்தலால் போஸின் பிறந்தநாளை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் 1, 2 ஆம் திகதிகளில் நடக்கும் நந்தன் மேளாவில் மாணவரும் ஆசிரியரும் செய்தவற்றைச் சிறு விலைக்கு விற்று, மாணவர் நலநிதிக்குச் சேர்க்கிறார்கள். 1973 இலிருந்து நடக்கிறது. கல்லடிப் பிள்ளை சட்டத்துக்கும் அக்ரிலிக்குக்கும் அச்சுக்கும் வீட்டிலிருந்து வாங்கிய காசில் காட்சி வைக்கிறாள். படத்தின் கீழே விலை எழுதினால் தேர்வுக்குரிய படைப்பில் அது பொருந்தாது என்பார்கள். எத்தனை நாள், எவ்வளவு முடிந்தது என்று கேட்ட அதே தாய், இதை எனக்குத் தருவாயா, என்ன விலை என்றும் கேட்கக்கூடியவர்தான். சுவரில் அதற்கு ஒரு விலைத்துண்டு இன்னும் இல்லை.